தடைக்காலத்து வளையம்

ஏப்ரல் 15, புதன்

இன்று முதல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அறுபத்தொரு நாள். சங்குமுனையில் எல்லார் முகமும் தொங்கிக் கிடக்கிறது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். என் வீட்டுக்காரர் தொம்மையே விசைப்படகு டிரைவர்தான்.

படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் தெற்கு அடிவானம் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும். கூடாது என்று சட்டம் சொல்லியும் நாலைந்து பேர் மீனை இழுக்க எல்இடி விளக்கை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எனக்கு வேண்டிய பொருளோ அந்த அடிவானத்துக்கு மேலே வெறும் பதிமூன்று டிகிரியில் இருக்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் முஷ்டிக்குச் சற்று மேலே. அந்த வெளிச்சத்தில் அதைத் தேடுவது வீண் வேலை.

அது ஒரு கோள் நெபுலா. பெயரில்தான் கோள், கோளுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. சாகப்போகிற நட்சத்திரம் கடைசியாக ஊதித் தள்ளிய வாயு. தென்சிலுவைக்குக் கீழே ஈ என்று ஒரு சின்ன விண்மீன் கூட்டம், அதற்குள் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. என் பழைய தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, நிமிடக் கணக்கில் வெளிச்சத்தைச் சேகரித்தால்தான் மாட்டும்.

போன வருடத் தடைக்காலத்தில் மாட்டியது. அழகான வட்ட வளையம். தென்முனை வான்நோக்கர் மன்றத்துக்கு அனுப்பினேன். செயலாளர் இளவழகன் முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பதில் போட்டார்: "ஐஸ் கம்பெனி கிளார்க் ஒருவர் மீன் பெட்டியை வைத்து இதை எடுத்தாராம். நம்புகிறீர்களா? கம்ப்யூட்டர் வரைந்த வளையம் இது." கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்று. அந்தப் பொம்மையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிப்ரவரியில் மூலக் கோப்புகளைப் பென் டிரைவில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. வேண்டாம். மறுபடியும் எடுக்கிறேன். தேதி, நேரம், காற்று, மேகம் எல்லாவற்றையும் இதில் எழுதப் போகிறேன். நாளைக்கு எவனும் பொய் என்று சொல்லக்கூடாது.

ஏப்ரல் 17, வெள்ளி

அமாவாசை. தொலைநோக்கியை மாடிக்கு ஏற்றினேன். அது நட்சத்திரத்தோடு சேர்ந்து நகர வேண்டுமென்றால் அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் ஒன்பது டிகிரி உயரத்தில்தான். அதையும் மாதா கோயில் கோபுரம் மறைத்துக்கொண்டு நிற்கிறது. மாதாவே, நீயுமா என்று கேட்டேன். வேறொரு நட்சத்திரத்தை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சரிசெய்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது.

கீழே தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்த தொம்மை தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏட்டி, ஊரே வலையில கெடக்கு. நீ மட்டும் அங்கன என்னத்தட்டி புடிக்கப் போற?"

"உங்க வலையில சிக்காததை."

"சிக்கினா கொழம்பு வச்சிரு."

ஏப்ரல் 18, சனி

எடுத்துவிட்டேன்! வளையம் விழுந்துவிட்டது. இரவு பத்து மணி முதல் பதினொன்றே கால் வரை, மூன்று நிமிடப் படங்கள் இருபது.

செய்முறையையும் எழுதிவைக்கிறேன். நீண்ட நேரம் திறந்து வைத்தால் கேமரா சூடாகிப் படமெல்லாம் பொட்டுப் பொட்டாகிவிடும். பணக்காரர்கள் அதற்கென்று குளிர்விக்கும் கேமரா வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக ஐஸ் கம்பெனியில் டோக்கன் எழுதுகிற எனக்கு வேறு வழி தெரியாதா? தெர்மாகோல் மீன் பெட்டியை அறுத்து, பாலித்தீன் உறையில் சுற்றிய கேமராவை நடுவில் வைத்து, சுற்றிலும் நொறுக்கிய ஐஸும் கல்லுப்பும். மூன்றுக்கு ஒன்று. தூரப் பயணம் போகும் மீனுக்குப் போடுகிற அதே பக்குவம். உப்புச் சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும் என்பதைப் பட்டம் வாங்கித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் பௌதிகத்தில் பட்டமும் வாங்கியிருக்கிறேன்.

தெளிவு பார்ப்பதற்காக முதலில் தென்சிலுவையை எடுத்த படத்திலும் ஒரு மங்கல் தெரிந்தது. கடல் ஈரமாக இருக்கும். தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் முழுக்க வளையத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

நிலா வளர்ந்துவிட்டது. இனி இரண்டு வாரம் ஒன்றும் நடக்காது. கம்பெனியில் ஒரு ஷிப்ட்தான் ஓடுகிறது. நாட்டுப்படகுகளுக்கு மட்டும் ஐஸ். முதலாளி கில்பர்ட், உடைந்த ஐஸை எதற்கு அள்ளிக்கொண்டு போகிறாய் என்று கேட்டார். வானத்துக்கு என்றேன். வெயில் அதிகம்தான், வீட்டுக்குப் போய்ப் படு என்றார்.

மே 9, சனி

மன்றத்திலிருந்து கடிதம். அச்சுத்தாளில், முத்திரையோடு. உள்ளபடியே எழுதுகிறேன்: "தங்கள் மூலக் கோப்புகளை மூவர் குழு பரிசோதித்தது. அவை கேமராவில் பதிவானவையே, கணினியில் உருவாக்கப்பட்டவை அல்ல என உறுதியாகிறது. தங்களைக் குறித்து எழுதியதற்கு மன்றம் வருந்துகிறது. ஜூன் 14 ஆண்டுக் கண்காட்சியில் தங்கள் படம் நடுநாயகமாக வைக்கப்படும்."

மூன்று தடவை வாசித்தேன். அப்புறம் அழுதேன். கோபத்தில் அழுதேனா, சந்தோஷத்திலா என்று கேட்டால் இரண்டிலும்தான். பத்து மாதமாக அந்தக் குழுவில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். கடிதத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பொம்மை எதுவும் போடவில்லை. நமக்குத் தரம் இருக்கிறது.

மே 10, ஞாயிறு

ஆட்டுக்கறி எடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தொம்மையைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து எல்லாப் படங்களையும் ஓட்டிக் காட்டினேன். அவர் ஏதோ சொன்னார். அரைகுறையாகப் பார்த்துவிட்டுச் சொல்லும் ஆளின் பேச்சை எழுதி இந்த நோட்டைக் கெடுக்க விருப்பமில்லை.

மே 11, திங்கள்

தொம்மையிடம் பேசவில்லை.

மே 13, புதன்

குழம்பில் உப்பு இல்லையாம். உப்பைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

மே 15, வெள்ளி

வானம் சுத்தமாக இருக்கிறது, நிலா இல்லை, காற்று இல்லை. இப்படி ஒரு நாளுக்காக ஒரு வருடம் காத்திருப்பேன். மாடிக்குப் போகவில்லை. தலைவலி.

மே 16, சனி

சரி. எழுதுகிறேன். சாட்சிக்காக ஆரம்பித்த நோட்டில் நானே ஒளித்து வைத்தால் அப்புறம் இளவழகனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பத்தாம் தேதி நடந்தது இது. நெபுலாப் படத்தையும் தென்சிலுவைப் படத்தையும் அடுத்தடுத்து ஓட்டினேன். தொம்மை திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தார். விரலை எடுக்கவே இல்லை.

"ஏட்டி, மறுபடியும் போடு. முந்துன படம்."

போட்டேன்.

"இது வேற எடந்தான?"

"ஆமா, சிலுவை. இது ஈ."

"அப்போ இந்த வளையம் ரெண்டுலயும் எப்படி ஒரே எடத்துல கெடக்கு? சிலுவையில லேசா, ஈயில நல்லா."

"அது ஈரம்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். போட்டுல மீன் பாக்குற மிஷின் வச்சிருக்கோம்லா. போட்டு நகருது, அடியில உள்ள தரை நகருது, மீன் நகருது. ஒரே ஒரு புள்ளி மட்டும் நகராம அங்கேயே கெடந்தா அது மீனில்லட்டி. திரையில உள்ள அழுக்கு."

எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். அடுப்படியிலிருந்து ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு தாண்டாத ஆளுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும். அவர் வலைக்குப் போய்விட்டார்.

இன்று காலை சோதித்துப் பார்த்தேன். தொம்மையின் வெள்ளை வேட்டியை மாடிக் கொடியில் கட்டி, ஐஸும் உப்பும் போட்ட பெட்டியில் கேமராவை ஒரு மணி நேரம் வைத்து வேட்டியைப் படமெடுத்தேன். அதே இடம். அதே அளவு. வேட்டியின் நடுவில் என் நெபுலா. ஐஸை எடுத்துவிட்டு, கேமராவைக் காயவைத்து மறுபடி எடுத்தேன். வெறும் வேட்டி.

உப்பு போட்டதால் கேமரா மிதமிஞ்சிக் குளிர்ந்திருக்கிறது. எங்கள் கடற்கரைக் காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே இருக்கும் கண்ணாடியில் வட்டமாகப் பூத்திருக்கிறது. நேரம் ஆக ஆகக் கெட்டிப்பட்டு, இருபது படத்தையும் சேர்க்கும்போது வளையமாகிவிட்டது. போன வருடமும் இதே பெட்டி, இதே உப்புதான். மீனுக்குப் போடும் பக்குவம் மீனுக்கு மட்டுந்தான். ஐஸ் கம்பெனிக்காரியைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

கணினி வரையவில்லை. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நெபுலாவும் இல்லை.

மே 17, ஞாயிறு

தொம்மையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"மூணு பேரு பாத்து நல்ல படம்னு கடுதாசி எழுதிட்டானுவ. யாருக்கும் தெரியாது. விடுட்டி. பேரு வந்தாப் போதும்."

"வேட்டியில தெரிஞ்ச ஈரத்துக்கா என் பேரு?"

"அப்போ என்ன செய்யப் போற?"

"நெசமான அதைப் பிடிக்கப் போறேன். ஐஸ் இல்லாம."

இன்னும் இருபத்தெட்டு நாள். அதற்குப் பின் கடலில் விளக்கு வந்துவிடும். நெபுலாவும் பொழுது சாயும்போதே மேற்கே சரியத் தொடங்கிவிடும்.

மே 18, திங்கள்

எட்டு மணி முதல் பத்து வரை. ஐஸ் இல்லை. படம் முழுக்கப் பொட்டு, சொறி பிடித்த நாய் மாதிரி. அதற்குள் ஒன்றும் தெரியவில்லை.

மே 20, புதன்

மேகம்.

மே 21, வியாழன்

அடிவானத்தில் தூசிப் படலம். தென்சிலுவையே சிவந்து தெரிந்தது. ஒன்றுமில்லை.

மே 28, வியாழன்

கண்காட்சி அழைப்பிதழ் வந்தது. பளபளப்பான அட்டை. அட்டையில் என் வளையம், நீல நிறம் ஏற்றி. கீழே: "கடற்கரையில் பிடித்த வானத்து மோதிரம்! ம. ஜெபஸ்தீனா." கில்பர்ட் முதலாளி ஒன்றை வாங்கிக் கம்பெனிச் சுவரில் ஒட்டிவிட்டார். லாரிக்காரர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் டோக்கனை எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு நிமிடம் ஆசை வந்தது. இருக்கட்டுமே என்று. மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ஒரு நிமிடம் இல்லை, நாள் முழுக்க வந்தது.

ஜூன் 7, ஞாயிறு

நிலா இப்போது நள்ளிரவுக்குப் பிறகுதான் உதிக்கிறது. ஆனால் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று பிடித்துவிட்டது. மாடியில் தொலைநோக்கி ஆடுகிறது, நட்சத்திரம் ஒவ்வொன்றும் புழு மாதிரி நெளிகிறது. எடுத்ததையெல்லாம் அழித்துவிட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

மேகம், காற்று, மணல். இன்னும் ஐந்து நாள்.

தொம்மை ஓட்டும் படகு பெயின்ட் அடிப்பதற்காகக் கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் கிழக்குப் பக்கம் நின்று பார்த்தேன். காற்று துளியும் இல்லை, தெற்கே கடல் திறந்து கிடக்கிறது. "நாளைக்கே தண்ணியில எறக்குறாங்க" என்றார் தொம்மை. வெள்ளிக்கிழமை வரை இறக்கக்கூடாது என்றேன். "நான் என்னத்தட்டி சொல்லுவேன் ஓனர்ட்ட?" என்றார். அடிப்பக்கம் இரண்டாவது கோட்டிங் காயவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் போய்ச் சொன்னார்.

ஜூன் 11, வியாழன்

தொலைநோக்கியைப் படகடிக்குக் கொண்டுபோனேன். எட்டேகால் மணிக்கு மேகம் விலகியது. ஒன்பதரைக்கு மறுபடி மூடிக்கொண்டது. நடுவில் ஐஸ் இல்லாமல் இருபது படம்.

பத்து எடுத்த பிறகு தொலைநோக்கியை வேண்டுமென்றே கொஞ்சம் கிழக்கே நகர்த்தி, மீதிப் பத்தை எடுத்தேன். படகின் மறைவில் தொம்மை உட்கார்ந்து, சைக்கிள் விளக்கோடு கரை வழியாக யார் வந்தாலும் "விளக்கை அணைங்கப்பா" என்று விரட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "எம் பொண்டாட்டி சொல்லுதா, நீ கேட்டுத்தான் ஆவணும்" என்றார்.

ஜூன் 12, வெள்ளி

லீவு போட்டுவிட்டுப் படங்களைச் சேர்த்தேன். முதல் பத்து தனி. இரண்டாம் பத்து தனி.

இரண்டிலும் இருக்கிறது. வளையம் இல்லை, அழகு இல்லை. சாம்பல் நிறத்தில் நீள்வட்டமாக ஒரு கறை, அரிசி அளவு. இரண்டாம் பத்தில் நட்சத்திரங்கள் எவ்வளவு நகர்ந்தனவோ, கறையும் அவ்வளவே நகர்ந்திருக்கிறது. கேமராச் சூட்டில் வந்த பொட்டுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

தொம்மையைக் கூப்பிட்டேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிப் பார்த்தார்.

"இது மீனுதான்" என்றார்.

ஜூன் 13, சனி

இளவழகனுக்குப் போன் செய்தேன். முழுக்கச் சொன்னேன். ஐஸ், உப்பு, ஈரம், வேட்டி. புதுப் படத்தையும் அனுப்பினேன்.

"மேடம், அழைப்பிதழ் அடிச்சு ஆயிரம் பேருக்குப் போயாச்சு. மூணு பேர் கையெழுத்துப் போட்ட அறிக்கை இருக்கு. இப்ப போய் ஈரம்னு சொன்னா மன்றத்தோட மானம் என்ன ஆறது?"

"என் மானத்தைப் பத்திப் போன வருஷம் நீங்க கேக்கலையே சார்."

"அதுக்குத்தான் வருத்தம் தெரிவிச்சிட்டோமே. புதுப் படத்துல ஒண்ணுமே தெரியலை. பழசு இருந்துட்டுப் போகட்டும். யாருக்கும் தெரியாது."

இதே வார்த்தையைத் தொம்மை சொன்னபோது அன்பில் சொன்னார். இவர் சொன்னபோது எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சார், நான் எடுத்தது பொய்யின்னு நீங்க சொன்னது தப்பு. அந்த வருத்தத்தை நான் வச்சுக்கிடுதேன், திருப்பித் தர மாட்டேன். வளையம்னு நான் சொன்னதும் தப்பு. அதை நான் எறக்கிருவேன்." வைத்துவிட்டேன்.

தொம்மை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "மறுபடியும் சிரிப்பானுவட்டி."

"சிரிக்கட்டும். போன தடவ பொய்யின்னு சிரிச்சானுவ. இந்தத் தடவ தப்புன்னு சிரிக்கட்டும். ரெண்டும் ஒண்ணில்ல."

ஜூன் 14, ஞாயிறு

தடைக்காலத்தின் கடைசி நாள். சாயங்காலம் நான் ஊர் திரும்புவதற்குள் சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் படகுகளை மந்திரித்துவிட்டார். தொம்மை நள்ளிரவில் கடலுக்குப் போக வேண்டும் என்பதால் நான் தனியாகத்தான் காலை பஸ்ஸில் போனேன். மடியில் காலண்டர் அட்டையில் ஒட்டிய புதுப் படம்.

மண்டபத்துக்குள் நுழைந்ததுமே வளையம் தெரிந்தது. அரையாள் உயரச் சட்டம், மேலே தனி விளக்கு, பக்கத்தில் பூச்செண்டு. சனம் அதைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினேன். சட்டம் கனம். மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். அதே ஆணியில் என் காலண்டர் அட்டையை மாட்டினேன். கீழே மார்க்கர் பேனாவால் எழுதினேன்: "ஈ மண்டலத்து நெபுலா. எடுத்தவர் ம. ஜெபஸ்தீனா, ஐஸ் கம்பெனி, சங்குமுனை. இங்கே முன்பு இருந்த படம் என் தவறு. கேமராவில் பூத்த ஈரம்."

இளவழகன் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. கூட்டத்தின் முன்னால் சத்தம் போடவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. கையெழுத்துப் போட்ட மூவரில் ஒருவர் படத்தருகே வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகர்ந்தார்.

சிலர் சிரித்தார்கள். நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. வலித்தது. நான் நகரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் விரலை வைத்துக் காட்டினேன். காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மா, "எங்கம்மா? ஒண்ணுமே தெரியலையே" என்றார். இதோ என்றேன். "இதுவா? அழுக்கு மாதிரில்ல இருக்கு" என்றார். ஆமாம், ஆனால் நட்சத்திரங்களை நகர்த்தினால் இந்த அழுக்கும் கூடவே நகர்கிறது என்று சொல்லி, செல்போனில் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை காட்டு என்றார்.

நான்கு மணி வாக்கில் கூட்டம் குறைந்ததும் இளவழகன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். போன தடவையும் நீங்க இவ்வளவு உறுதியாத்தான் சொன்னீங்க. இதுவும் தப்பா இருந்தா?"

நியாயமான கேள்வி. அவர் என்னிடம் கேட்ட முதல் நியாயமான கேள்வி.

"இருந்தா, அப்பவும் நானே வந்து எறக்குவேன்" என்றேன். "அந்த நாற்காலிய மட்டும் இங்கனயே போட்டு வைங்க சார்."